மூணாம் நம்பர்

செல்லூர் கிட்டங்கியின் ஷட்டர் பாதி ஏறியதும்
குனிந்து நுழைகிற எவனும்
மூட்டையைப் பார்ப்பதில்லை.
எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில் அறைந்திருக்கும்
ஆறு துளைக் கறுப்புப் பெட்டியைத்தான் பார்க்கிறான்.

ஆளுக்கு இருநூறு போட்டு வாங்கியது.
கம்பெனி பில்லைக் கேட்டது.
பில் போனது. பணம் வரவில்லை.

இடமிருந்து மூணாம் நம்பர்தான் வேகம்.
ஒரு டீ, ஒரு வடை, ரெண்டு வசவு
முடிவதற்குள் பாதி ஏற்றிவிடும்.
ஆறாம் நம்பரில் கேபிளை
ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டினால்தான் உயிர்.
பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு சங்கதி:
ஒருவர் சொருகினால் முழுக்க அவருக்கு.
இன்னொருவர் வந்தால் பங்கு.
ஆறு பேரும் வந்தால் ஆளுக்குக் கஞ்சித்தண்ணி.
(எழுதியிருந்தது இப்படியில்லை, வாட் கணக்கில்.
துவாரகநாத் பொருள் சொன்னான்.)

அன்றிலிருந்து நாகூர்மீரான்
ஆறே முக்காலுக்கே வந்துவிடுகிறான்.

பஞ்சாயத்து வைத்தோம்.
தூரம் போகிறவருக்கு மூணாம் நம்பர் என்றாள் பவுன்தாய்.
சமயநல்லூர் லைன் அவளுடையது.
"மாசி வீதிச் சந்துக்குள்ள சுத்துறது தூரமில்லையா?"
துவாரகநாத்தை மேப் தினமும்
ஒரே முட்டுச்சந்துக்கு நாலு தடவை கூட்டிப்போகும்.
தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நேற்று ஆனையூர். மூன்றாவது மாடி.
உள்ளே இருப்பது சார்ஜர் என்று லேபிளே சொன்னது.
கதவைத் திறந்தவளின் கழுத்தில் இஞ்ச் டேப்,
உதட்டில் ரெண்டு குண்டூசி.
"ஓடிபி சொல்லுங்கக்கா."
குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"போன் செத்துக் கெடக்கு தம்பி.
பழைய சார்ஜர் புகைஞ்சுபோச்சு,
அதுக்குத்தான இத வரவச்சதே."

ஓடிபி இல்லாமல் சார்ஜரைக் கொடுக்க முடியாது.
சார்ஜர் இல்லாமல் ஓடிபி வராது.
கொடுத்தாலும் எங்கே சொருகுவாள்?
காலையிலிருந்து கரண்டு இல்லை,
தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஆள் ஏறியிருந்தது.

பையில் பவர் பேங்க். அதில் ரெண்டு துளை.
என் போன் பதினேழு சதவீதத்தில் நின்றது,
இவள் போக முப்பது வீடு பாக்கி.
நல்லவேளை ரெண்டு போனுக்கும் ஒரே வாய்.
படியில் வைத்துவிட்டு
அடுப்பில் ஏற்றிய பாலைப் பார்ப்பதுபோல்
ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்தோம்.

சூப்பர்வைசர் கூப்பிட்டார்.
"என்னய்யா, ஒன் புள்ளி ஒரே எடத்துல நிக்குது?"
"கஸ்டமருக்குக் கரண்டு குடுத்துக்கிட்டு இருக்கேன் சார்."
வைத்துவிட்டார். சிரித்தாரா, தெரியாது.

பதினோராவது நிமிடம் அவள் போன் உறுமியது.
வரிசையாக வந்து விழுந்தன:
வங்கி, கேஸ் சிலிண்டர்,
ஜாக்கெட் எப்பத்தான் தருவீங்க என்று யாரோ,
எல்லாவற்றுக்கும் பின்னால் என் நாலு எண்.
கையெழுத்துப் போட்ட விரலிலிருந்து
சாக்பீஸ் மாவு என் திரையில் ஒட்டிக்கொண்டது.
அடுத்த வீடுகளில் எல்லாரும்
அதன்மேல்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

பத்தொன்பது வீடு தாங்கியது போன்.
குலமங்கலம் ரோட்டில், கோழிக்கடை வாசலில் அணைந்தது.
பதினொரு பார்சல் என்னோடு திரும்பியது.

ராத்திரி கணக்கு ஒப்படைக்கவும் போன்தான் வேண்டும்.
ஆறு கேபிள், ஆறு பச்சை விளக்கு.
மூணாம் நம்பரும் இப்போது மற்றவை மாதிரிதான்.
ஒரு ஆள் பிடுங்கினால்
ஐந்து பேர் வெரசா வீட்டுக்குப் போகலாம்.
அது எல்லாருக்கும் தெரியும்.
எவரும் எழவில்லை.

பெட்டி கொதிக்கிறது.
பவுன்தாய் பைக்குள் கையை விட்டு
மத்தியானம் சாப்பிட நேரமில்லாமல் ஆறிப்போன
குழிப்பணியாரப் பொட்டலத்தை எடுத்து
அதன்மேல் வைக்கிறாள்.

"ஏழு இருக்கு" என்கிறாள்.

நாகூர்மீரான் எங்களை எண்ணுகிறான்.